மீனைத்தான் சொல்கிறேன்

பொய் சொன்னால் இந்த பஸ் இங்கேயே, இந்தப் பெரம்பூர் பாலத்து ஏற்றத்திலேயே, டயர் வெடித்து நிற்கட்டும். ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறது என்கிறீர்களா? அது டிராஃபிக்கால் தம்பி, என் பொய்யால் இல்லை. என் பென்ஷன் புத்தகத்தின் மேல் சத்தியம். என் இரண்டு கண்ணின் மேலும் சத்தியம். அதில் ஒன்று ஆபரேஷன் செய்த கண், அதனால் செய்யாத கண்ணின் மேல் இன்னொரு சத்தியம் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லப்போவதில் ஒரு சொல் கூட்டிச் சொன்னது கிடையாது.

அந்தக் கவரை மடியில் தூக்கி வையுங்கள், வெயில் படுகிறது. கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கினதுதானே? தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ஃப்ளவர்ஹார்ன். ஜோடி என்று சொல்லிக் கொடுத்தானா? ஜோடியாம். ஆணுக்கு இப்போதே நெற்றியில் மேடு எழும்புகிறது பாருங்கள். பெரிய மண்டை வரும். சந்தோஷப்படாதீர்கள். நானும் மண்டையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

மணி என்ன? பதினொன்று பத்தா? சற்று முன்னால் கேட்டபோதும் பதினொன்று பத்து என்றீர்களே. சரி சரி. என் மருமகளைக் காலையில் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறோம், புரசைவாக்கத்தில். நான் அங்கேதான் இருந்தேன். வராந்தாவில் நாலு நடை நடந்தேன், நர்ஸிடம் ரெண்டு கேள்வி கேட்டேன், தண்ணீர் மெஷினை லேசாகத் தட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான். வலியோடு படுத்திருந்தவள் தலையைத் தூக்கி, "மாமா, ஜமீனுக்குத் தீனி தீர்ந்துபோச்சு. கொளத்தூர் போய் வாங்கிட்டு வாங்க" என்றாள். என்னைத் துரத்தத்தான். தெரிந்துதான் வந்தேன். இந்தப் பையில் தீனி. வாங்கித் திரும்பினால் பஸ் நகரமாட்டேன் என்கிறது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் கால் தனியாக இறங்கி ஓடிவிடும். அதனால் பேசுகிறேன். நீங்கள் கேளுங்கள்.

ஜமீன் என்பது என் மீன். மூன்று விரல் நீளத்தில் வந்தவன், என் முழங்கை அளவு வளர்ந்தான். அந்த மண்டை இருக்கிறதே, தண்ணீருக்குள் ஒரு தேங்காய் மிதந்து போவதுபோல இருக்கும். எங்கள் அயனாவரம் தெருவில் முடிவெட்டுகிறவர், பாதித் தலையோடு ஆட்களை எழுப்பிக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போவார். கரண்ட் போய் மோட்டார் நின்றால், ஜமீன் வாலால் கண்ணாடியைத் தட்டி என்னை எழுப்புவான். ஒருமுறை கரண்ட் ஆபீஸுக்கு நான் போன் செய்வதற்குள் அவன்... சரி, அது வேண்டாம், நீங்கள் சிரிக்கிறீர்கள்.

என் சம்பந்தி தணிகாசலம், வியாசர்பாடியில் டெய்லர். கல்யாண வீட்டுக்கும் கழுத்தில் டேப்போடு வருகிற ஆள். அவரும் மீன் வளர்க்கிறார். வந்தால் பெண்ணைப் பார்க்கும் முன்னால் ஜமீனைப் பார்ப்பார், கண்ணாடிமேல் டேப்பை வைத்து மண்டையை அளப்பார். "மூணே முக்கால் இன்ச்சு சம்பந்தி! போன மாசத்துக்கு கால் இன்ச்சு ஏறியிருக்கு!" அவரிடம் ஒரு பெண் மீன் இருந்தது, நல்ல செக்கச்செவேல் என்று, பவளம் என்று பேர். இரண்டுக்கும் சம்பந்தம் பேசினோம். குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி.

விளையாட்டுக்குத்தான் செய்தோம், ஆனால் முறையாகச் செய்தோம். பவளம் பெயிண்ட் பக்கெட்டில் வந்தது. பக்கெட் கைப்பிடியில் மஞ்சள் கயிறு, தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம். "பொண்ணை ஒப்படைக்கிறேன் சம்பந்தி, கண்கலங்காமப் பாத்துக்கோங்க" என்று பக்கெட்டை நீட்டினார். நான் பிள்ளை வீட்டுக்காரன் இல்லையா, கொஞ்சம் பிகு செய்து வாங்கினேன். என் மருமகள் ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கும் என் மகன் தயாளனுக்கும் கல்யாணம் ஆகி ஏழு வருஷம். சரி, அது எதற்கு இப்போது? மீனைச் சொல்கிறேன்.

தொட்டிக்கு நடுவில் சல்லடைத் தடுப்பு போட்டோம். இவர்களை உடனே ஒன்றாக விடக்கூடாது, ஆண் கடித்துக் குதறிவிடும். ஒரு வாரம் பார்த்துக்கொள்ள விட்டுத் தடுப்பை எடுத்தேன். சாய்த்து வைத்திருந்த டைல்ஸ் துண்டின் மேல் பவளம் முட்டை ஒட்டியது. தேன் நிறம், கேழ்வரகு மாதிரி. எண்ணினேன், ஆயிரத்து நூற்றுப் பதினேழு. ஜமீனும் அதன்மேல் போகவேண்டிய விதத்தில் போனான், வரவேண்டிய விதத்தில் வந்தான். மூன்றாம் நாள் பார்த்தால் அத்தனையும் ஜவ்வரிசி. வெள்ளை வெளேர். பூஞ்சை பிடித்துப் பஞ்சு மாதிரி ஆடுகிறது.

சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொண்ணுகிட்ட கோளாறு, சம்பந்தி."

"முட்டை போட்டுச்சில்ல? அது போடவேண்டியத போட்டுடுச்சு. மிச்ச வேலை யாரோடது?"

"ஜமீன் மண்டையப் பாத்துமா இப்படிக் கேக்கறீங்க?"

"மண்டைய வெச்சு என்ன பண்றது? தொப்பியா தைக்கிறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க வீட்டு ஆம்பளைகிட்ட எந்தக் குறையும் கிடையாது" என்று கத்தினேன். அப்போது தயாளனும் ஹேமாவதியும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. நான் மீனைத்தான் சொன்னேன், தம்பி.

ஓ கண்டக்டர்! நகருமா நகராதா? கையைக் காட்டுகிறான் பாருங்கள், முன்னால் லாரி என்று. எல்லாவற்றுக்கும் ஒரு லாரி.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? கொளத்தூர் போய் வேறு பெண் வாங்கினேன். அதுவும் முட்டை போட்டது, அதுவும் ஜவ்வரிசி. தண்ணீர் சரியில்லை என்று தண்ணீரை மாற்றினேன், நீல மருந்து விட்டேன், ஹீட்டர் வாங்கி வைத்தேன். மூன்றாவது பெண். நான்காவது பெண். எல்லாம் வெள்ளை. தெருவில் யார் வந்து "என்ன பெரியவரே, ஜமீனுக்குக் குழந்தை குட்டி?" என்று கேட்டாலும் ஹாலில் நின்று உரக்கச் சொல்வேன். "வர்றதெல்லாம் மலடா வந்தா அவன் என்ன பண்ணுவான்?"

ஒருநாள் அதைச் சொல்லும்போது ஹேமாவதி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள், தம்பி. டம்ளரை டக்கென்று வைத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மறுநாள் பையைக் கட்டிவிட்டாள்.

தணிகாசலம் ஆட்டோவோடு வந்தார். ஒரு கையில் காலி பெயிண்ட் பக்கெட். பவளத்தைப் பிடித்து அதில் விட்டார். "எங்க வீட்டுப் பொண்ணுங்க ரெண்டும் இங்க பட்டது போதும் சம்பந்தி." கழுத்தில் டேப் இல்லை அன்றைக்கு. அதைப் பார்த்ததும்தான் மனுஷன் விளையாடவில்லை என்று தெரிந்தது. "நான் மீனைத்தான்யா சொன்னேன்!" என்று வாசல்வரை ஓடினேன். ஹேமாவதி திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள்.

தயாளன் தடுக்கவில்லை. தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். "போய்க் கூப்பிடுடா" என்றேன்.

"நாலு பொம்பளைய மாத்தினீங்களேப்பா. ஜமீனை ஒரு தடவ யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"அவனுக்கு என்னடா? ராஜா மாதிரி இருக்கான்."

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரிப்போர்ட் வர்ற வரைக்கும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

என்ன ரிப்போர்ட் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதற்கு? நான் மீன் வளர்க்கிறவன். ஜமீனைப் பக்கெட்டில் விட்டுக் கொளத்தூருக்குக் கொண்டுபோனேன். அங்கே மஸ்தான் என்று ஒருவன், முப்பது வருஷமாக மீன் வியாபாரம். ஜமீனைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பெருசு, இது கலப்புல கலப்பு. நாலஞ்சு ஜாதி மீனச் சேத்து, மண்டை வேணும் மண்டை வேணும்னு பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது. அதுல உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு விட்டுப்போகுது. பத்து ஆம்பளைல ஏழு எட்டு வெறும் ஷோவுக்குத்தான். முட்டை மேல ஓடும், எல்லாம் பண்ணும். அதுல உயிர் இருக்காது."

"மருந்து?"

"ஒண்ணும் இல்ல. வெச்சு அழகு பாரு."

"அவன் மேல தப்பு இருக்கா மஸ்தான்?"

"மீன் மேல என்னா தப்பு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஏன் பெருசு, இன்னாத்துக்குக் கண்ணு கலங்குது?"

ஆபரேஷன் செய்த கண் என்றேன். அது அப்படித்தான், நினைத்தால் கசியும். அந்தக் கடையில் ஒரு காலி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மஸ்தானே ரகசியம் சொன்னான். அவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதானாம். கடைக்கு உள்ளே ஒரு ரிஜெக்ட் தொட்டி கிடக்கும். மேடு வராதது, கலர் வராதது, யாரும் விலை கேட்காதது எல்லாம் அதில். அதிலிருந்து ஒரு மொட்டைத்தலையை எடுத்து, பெண் முட்டை போடும் நேரத்தில் விடுவார்கள். அவன் வேலை முடிந்ததும் அவனைத் தூக்கிவிட்டு, மண்டைக்காரனை உள்ளே விட்டால் போதும். தன்னுடையது என்றே காவல் காப்பான். குஞ்சு வாங்க வருகிறவனுக்கு மண்டைக்காரனைத்தான் அப்பன் என்று காட்டுவார்கள்.

ஒரு மொட்டைத்தலையை வாங்கிக்கொண்டேன். சாம்பல் நிறம், நாலு அங்குலம், முகத்தில் ஒரு லட்சணமும் இல்லை. அனாமத்து என்று பேர் வைத்தேன்.

ஜமீனைத் தொட்டியில் விட்டு, அனாமத்தை மாடி டிரம்மில் ஒளித்துவிட்டு, நேராக வியாசர்பாடி போனேன். தணிகாசலம் மெஷினை நிறுத்தவில்லை. காலால் மிதித்துக்கொண்டே, "என்ன?" என்றார். நான் சொன்னேன்: ஆந்திராவிலிருந்து மீனுக்கென்றே படித்த டாக்டர் வந்தார், ஜமீனைப் பார்த்தார், "குறை ஆணிடம்தான், பெண்ணிடம் ஒன்றுமில்லை, பெண்ணைச் சொன்னவன் வாய் அழுகிப்போகும்" என்றார், பிறகு வாலுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார், ஊசி எறும்பு மீசை அளவுதான் இருந்தது. மெஷின் நின்றது.

"குறை உங்க ஆள்கிட்டன்னு டாக்டரே சொன்னாரா?"

"வாயத் தொறந்து சொன்னாரு. கடைசியா ஒரு தடவ பவளத்தை அனுப்புங்க சம்பந்தி."

"மீனை மட்டும் அனுப்பறேன்."

உள்ளே இருந்து ஹேமாவதி வந்தாள். கையில் அதே பை. "நானும் போறேம்ப்பா. பக்கெட்ட யாராவது பிடிக்கணும். மாமா சிந்திடுவாரு."

ஆட்டோவில் ஒன்றாக வந்தோம். மருமகளிடம் மன்னிப்பா கேட்பது? நம் வழக்கத்தில் அதற்கு வார்த்தை ஏது? "பக்கெட்டு கனமா இருக்காம்மா?" என்று கேட்டேன். வீடு வருவதற்குள் நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை, "இப்ப இல்ல மாமா" என்றாள்.

பதினோரு நாள் கழித்து ஒரு பகல்வேளை பவளம் முட்டை போட டைல்ஸை வாயால் துடைக்க ஆரம்பித்தது. தயாளன் வேலைக்குப் போயிருந்தான், ஹேமாவதி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஜமீனைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒதுக்கினேன். அனாமத்தைப் பவளம் பக்கம் விட்டேன். கெட்டிக்காரன். அழகு இல்லாவிட்டால் என்ன, வேலையில் சுத்தம். முடிந்ததும் வலையில் அள்ளிச் சாம்பார் குண்டானில் போட்டுத் தட்டால் மூடினேன். தோள்வரை நனைந்து திரும்பினால் வாசலில் ஹேமாவதி, பருப்புப் பையோடு.

"மாமா, குண்டான்ல என்ன துள்ளுது?"

"முருங்கைக்காய்ம்மா."

கிட்டே வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். தட்டைத் திரும்ப மூடினாள். "வெந்ததும் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் முட்டைக்கு வால் முளைத்தது, தம்பி! டைல்ஸ் முழுவதும் துடிக்கிறது. தடுப்பை எடுத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டேன், ஜமீன் தின்றுவிடுவானோ என்று. அவன் என்ன செய்தான் தெரியுமா? கல்லை வாயால் அள்ளி அள்ளிக் குழி தோண்டினான். ஒவ்வொரு குஞ்சாக வாயில் கவ்விக் குழியில் கொண்டுவந்து விட்டான். ஒன்று தள்ளிப் போனால் ஓடிப்போய் வாயில் எடுத்து வந்து துப்புவான். கண்ணாடிப் பக்கம் யார் போனாலும் அந்தத் தேங்காய் மண்டையால் முட்டுவான். என் விரலைக் கடித்தான், இதோ பாருங்கள் தழும்பு. தணிகாசலம் வந்து டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊசி வேலை செஞ்சிடுச்சு சம்பந்தி!" செய்யாதா பின்னே, என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஹாலில் படுத்திருந்தேன். குறட்டை விட்டேன், ஆனால் தூங்கவில்லை. ஹேமாவதி தயாளனைத் தொட்டிமுன் உட்காரவைத்தாள்.

"நல்லா பாருங்க. இது எதுவும் இவனோடது இல்ல."

"என்ன சொல்ற?"

"எனக்குத் தெரியும். அதோ பொய்க் குறட்டை விடறாரே, அவருக்கும் தெரியும். இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா மட்டும் என்ன? வாய்ல கவ்விக் கவ்விக் கொண்டாந்து விடறான் பாருங்க. இவன் அப்பன் இல்லன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்?"

என் மகன் கண்ணாடிமேல் முகத்தை வைத்துக்கொண்டான். ஜமீன் ஒருமுறை வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவன் முகத்தை முட்டிவிட்டுப் போனான். "கிட்ட வராதேங்கறான்" என்று சொல்லித் தயாளன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். நான் குறட்டையைக் கொஞ்சம் உரக்க விட்டேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். நாலு இடத்தில் கையெழுத்தாம், இரண்டு பேரும் சேர்ந்து போடவேண்டுமாம். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் தயாளன் முதல்முதலாகத் தானே குஞ்சுகளுக்குத் தீனி போட்டான். தணிகாசலம் இன்றைக்கும், ஜமீனுக்குக் குஞ்சு வந்த ராசி, வீட்டுக்கே விடிந்தது என்கிறார். ஆமாம் என்கிறேன்.

என்ன தம்பி, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வாயைத் திறக்காதீர்கள். கேட்கவே கேட்காதீர்கள். நான் மீனைத்தான் சொல்கிறேன். இவ்வளவு நேரம் மீனைத்தான் சொன்னேன்.

இருங்கள், போன். இதில் எதை அழுத்துவது? பச்சையா? ஹலோ! சம்பந்தி! சத்தமாகச் சொல்லுங்க, பஸ்ல இருக்கேன்!

"பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு சம்பந்தி! ரெண்டு பேரும் சுகம்! மூணேகால் கிலோ! தலைய அளக்கலாம்னு டேப் எடுத்தேன், நர்ஸம்மா திட்டுது! நெத்தி யாரோடதுன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

"அப்படியே எங்க தயாளன் நெத்தி. பொறந்தப்போ அவனுக்கும் அதே மேடு."

"பாக்காமலே சொல்றீங்களே!"

"நான் பாத்துத்தான் சொல்லணுமா? தயாளன் எங்க?"

"கொழந்தைய வெச்சுக்கிட்டு மூலைல உக்காந்திருக்கான். யார் கேட்டாலும் தரமாட்டேங்கறான் சம்பந்தி. கிட்ட போனாலே மொறைக்கிறான்!"

பஸ்ஸே கேட்டுவிட்டது, பாருங்கள். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இல்லை, இந்தக் கண் ஆபரேஷன் செய்யாததுதான். இன்றைக்கு இதுவும் கசிகிறது.

நான் இறங்குகிறேன் தம்பி. கண்டக்டர், கதவைத் திற. நடந்தே போய்விடுவேன், லாரி நகரும்வரை யார் உட்கார்ந்திருப்பது? உங்கள் ஜோடி நாளைக்கு முட்டை போட்டு, அது வெள்ளையாகிப் போனால் பெண்ணைத் திட்டாதீர்கள். மஸ்தானிடம் போங்கள், வழி சொல்வான். இந்த ரகசியம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். யார் கேட்டாலும், வியாசர்பாடியில் சட்டை தைக்கப் போன இடத்தில் கேட்டால்கூட, நீங்கள் சொல்லவேண்டியது ஒரே பதில்தான். அன்றைக்கு உங்கள் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது.